ஹாரோ வீட்டுக்கு ஹீட் பம்ப் வைக்கலாமா?

லண்டன் ஹாரோவிலிருந்து தம்பி ஒருவர் கேட்டிருந்தார். 1930களில் கட்டிய மூன்று படுக்கையறை செமி-டிடாச்ட் வீடு, அதாவது ஒரு பக்கச் சுவர் அடுத்த வீட்டோடு ஒட்டியது. அப்பா, அம்மா, கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் என்று ஆறு பேர். வீட்டுச் சூட்டையும் குழாய் வெந்நீரையும் சேர்த்துத் தரும் கேஸ் காம்பி பாய்லருக்கு வயது 16. ஒரு நிறுவனத்தார் வந்து பார்த்து, மின்சாரத்தில் ஓடி வீட்டைச் சூடாக்கும் ஹீட் பம்புக்கு 13,000 பவுண்டு கொட்டேஷன் கொடுத்திருக்கிறார்கள். அரசு மானியம் 7,500 போக, கையிலிருந்து 5,500. புது கேஸ் பாய்லர் என்றால் 3,000க்குள் முடிந்துவிடும். "குளிரில் வேலை செய்யாது என்கிறார்கள், கரண்ட் பில் எகிறும் என்கிறார்கள், உலகத்துக்கு நல்லது என்றும் சொல்கிறார்கள். எதை நம்புவது அண்ணா?"

கட்டடங்களுக்கு வெப்ப வசதி வடிவமைப்பதுதான் என் தொழில். லெஸ்டரில் இதே காலத்து வீடு ஒன்றில் நான்கு குளிர்காலங்களாக ஹீட் பம்போடுதான் இருக்கிறேன். அதனால் முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன், தம்பி. உங்கள் வீட்டுக்குப் பெரும்பாலும் சரிப்பட்டு வரும். ஆனால் அந்தக் கொட்டேஷனில் இப்போது கையெழுத்துப் போடாதீர்கள். நீங்கள் அனுப்பிய படத்தில் மெஷினின் பெயர் இருக்கிறது, கிலோவாட் இருக்கிறது, வாரண்டி இருக்கிறது. சுவரில் மாட்டி அறையைச் சூடாக்கும் ரேடியேட்டருக்குப் போகும் தண்ணீர் எத்தனை டிகிரி என்பது மட்டும் எங்குமே இல்லை. உங்கள் கேள்விகள் அத்தனைக்கும் பதில் அந்த எண்ணுக்குள்தான் இருக்கிறது.

ஊரில் தரைத்தொட்டியிலிருந்து மொட்டைமாடி டேங்குக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரை நினைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் தண்ணீரை உண்டாக்குவதில்லை. கீழே இருப்பதை மேலே தூக்குகிறது, அவ்வளவுதான். டேங்க் முதல் மாடியில் இருந்தால் கரண்ட் கொஞ்சம் ஆகும், நான்காம் மாடியில் இருந்தால் அதிகம் ஆகும். ஹீட் பம்பும் அப்படித்தான்; அது வெப்பத்தை இறைக்கிறது. வெளியே 2 டிகிரி என்றால் நமக்குப் பல் நடுங்கும். ஆனால் வெளிப்பெட்டியின் சுருளுக்குள் ஓடும் குளிர்பதனப் பொருள் அதைவிடவும் குளிராக, பூஜ்ஜியத்துக்குக் கீழே இருக்கிறது. அதற்கு அந்த 2 டிகிரிக் காற்றே சூடு. அந்தச் சூட்டை வாங்கி ஆவியாகிறது. கம்ப்ரசர் ஆவியை அழுத்தும்போது வெப்பநிலை ஏறுகிறது. அந்தச் சூடு வீட்டுக்குள் சுற்றும் தண்ணீருக்கு மாறுகிறது. நம் வீட்டு ஃபிரிட்ஜ் உள்ளேயிருக்கும் வெப்பத்தை எடுத்து முதுகுப்பக்கம் தள்ளுகிறதே, அதே வேலை.

இதில் டேங்கின் உயரம் என்பது ரேடியேட்டர் தண்ணீரின் வெப்பநிலை. 35 டிகிரித் தண்ணீர் போதும் என்றால் சின்னத் தூக்கல். 55 வேண்டும் என்றால் பெரிய தூக்கல். ஒவ்வொரு டிகிரி குறைக்கும்போதும் செலவில் சுமார் இரண்டு, இரண்டரை சதவீதம் மிச்சம் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரே மெஷின், ஒரே தெரு, ஒரே மாதிரி வீடு இருந்தும் ஒருவர் ஆகா என்பதும் இன்னொருவர் ஐயோ என்பதும் இதனால்தான்.

இது ஏதோ நேற்று வந்த புதுச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். லார்டு கெல்வின் 1852லேயே இந்தக் கருத்தை எழுதிவைத்தார். சூரிச் நகர மன்றக் கட்டடத்தை 1938இல் லிம்மத் ஆற்று நீரிலிருந்து வெப்பம் இறைத்துச் சூடாக்கினார்கள். இங்கிலாந்திலும் ஜான் சம்னர் என்ற பொறியாளர் 1945இல் நார்விச்சில் வென்சம் ஆற்றை வைத்து ஒரு கட்டடத்துக்கு வெப்பம் கொடுத்தார். பிறகு வட கடலில் மலிவாகக் கேஸ் கிடைத்தது, நாடு முழுக்கக் குழாய் போட்டார்கள், இதை மறந்துவிட்டார்கள்.

சரி, பணத்துக்கு வருவோம். 2025இல் இங்கே ஒரு யூனிட் மின்சாரம் சுமார் 26 பென்ஸ், கேஸ் 6 பென்ஸுக்குக் கொஞ்சம் மேல். அதாவது மின்சாரம் நான்கு மடங்கு விலை. எல்லாச் சிக்கலும் இந்த விகிதத்தில்தான் தொடங்குகிறது. உங்கள் வீட்டுக்கு ஆண்டுக்கு 12,000 யூனிட் வெப்பம் தேவை என்று வைத்துக்கொள்வோம், வெந்நீரையும் சேர்த்து. 85 சதவீதத் திறனுள்ள பாய்லர் இதற்கு 14,100 யூனிட் கேஸ் எரிக்கும். அது கிட்டத்தட்ட 890 பவுண்டு. கேஸ் இணைப்பு வைத்திருப்பதற்கான தினசரிக் கட்டணம் ஆண்டுக்கு 115 பவுண்டு போல. மொத்தம் 1,005.

இப்போது ஹீட் பம்ப். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஆண்டுச் சராசரியில் எத்தனை யூனிட் வெப்பம் தருகிறது என்பதே கணக்கு. 2.8 தந்தால் ஆண்டுச் செலவு 1,114 பவுண்டு, உங்களுக்கு நஷ்டம். 3.5 தந்தால் 891. 4 தந்தால் 780. கேஸ் இணைப்பை அடியோடு துண்டித்தால் 3.1க்குப் பக்கத்தில் சமம் ஆகிவிடும். இணைப்பை அடுப்புக்காக வைத்துக்கொண்டால் 3.5 வந்தால்தான் சமம்.

அந்த 2.8ஐச் சும்மா போடவில்லை. பிரிட்டிஷ் அரசு 742 வீடுகளில் ஹீட் பம்ப் வைத்து அளந்து பார்த்த பெரிய சோதனை ஒன்று உண்டு. அதில் காற்றிலிருந்து வெப்பம் எடுக்கும் மெஷின்களின் நடுமதிப்பு ஏறக்குறைய 2.8தான். பழைய வீடு, புது வீடு, ஃபிளாட் என்று எல்லா வகையிலும் வைத்து ஓட்ட முடிந்தது, கடுங்குளிர் நாளிலும் வேலை செய்தது. ஆனால் அந்தத் திறனில் காசு மிச்சமாகாது. இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். விற்பவர்கள் முதல் பாதியை மட்டும் சொல்கிறார்கள், எதிர்ப்பவர்கள் இரண்டாம் பாதியை மட்டும் சொல்கிறார்கள். நன்றாக வடிவமைத்த வீடுகளில் 3.5, 4 எல்லாம் வருகிறது. வித்தியாசம் பெரும்பாலும் மெஷினில் இல்லை. குழாயிலும் ரேடியேட்டரிலும் அமைத்தவரின் கணக்கிலும்தான்.

எல்லா நேரமும் ஒரே விலை கொடுக்க வேண்டும் என்றும் இல்லை. ஹீட் பம்ப் வைத்திருப்பவர்களுக்கென்றே நேரத்துக்கு நேரம் விலை மாறும் மின்திட்டங்கள் இருக்கின்றன. விலை குறைந்த அதிகாலையிலும் மதியத்திலும் வீட்டையும் வெந்நீரையும் சூடாக்கிவிட்டு, மாலை நான்கு முதல் ஏழு வரையான விலை ஏறிய நேரத்தில் மெஷினைத் தணித்து வைத்தால், சராசரி விலை 20 பென்ஸ் பக்கம் இறங்க வாய்ப்புண்டு. அப்போது 3.5 திறனில் ஆண்டுக்கு 690 பவுண்டுக்குள் முடியும். எங்கள் வீட்டில் அப்படித்தான் ஓட்டுகிறோம்.

ரேடியேட்டர் விஷயத்தை நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள். கடையில் ஒரு ரேடியேட்டருக்கு 1,000 வாட் என்று எழுதியிருந்தால், அது தண்ணீர் சராசரி 70 டிகிரியிலும் அறை 20 டிகிரியிலும் இருக்கும்போது தருவது. தண்ணீரை 45க்குக் குறைத்தால் அதே ரேடியேட்டர் 400 வாட்தான் தரும். அதனால்தான் பெரிய ரேடியேட்டர் மாட்ட வேண்டும் என்கிறார்கள். சுவர் முழுக்க அடைக்க வேண்டியதில்லை. ஒற்றைத் தகடு இருக்கும் இடத்தில் அதே நீள உயரத்தில் இரட்டைத் தகடு மாட்டினால் கிட்டத்தட்ட முக்கால் பங்கு கூடுதல் வெப்பம் கிடைக்கும். கொஞ்சம் தடிமனாகத் துருத்திக்கொண்டிருக்கும், அவ்வளவுதான்.

உங்கள் கொட்டேஷனில் இரண்டே இரண்டு ரேடியேட்டர்தான் மாற்றுவதாக இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. விலையைக் குறைத்துக் காட்ட ரேடியேட்டர்களை அப்படியே விட்டுவிட்டு, தண்ணீரை 55 டிகிரியில் ஓட்டிச் சமாளிப்பது எளிது. அன்றைக்கு நீங்கள் ஆயிரம் பவுண்டு மிச்சம் பிடிப்பீர்கள். அப்புறம் ஒவ்வொரு குளிர்காலமும் அதைக் கட்டிக்கொண்டே இருப்பீர்கள். எனக்கே இப்படி நடந்தது. வேலை அழுத்தத்தில் என் வீட்டு வேலையை வேறொருவரிடம் விட்டேன். ரேடியேட்டர் எல்லாம் சரியாக மாட்டினார்கள். ஆனால் வெளி வெப்பநிலைக்குத் தகுந்தபடி தண்ணீரின் சூட்டைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் அமைப்பை ஆன் செய்யாமல், நிரந்தரமாக 55இல் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். முதல் குளிர்காலம் 2.6. பில்லைப் பார்த்து எனக்கு ஆத்திரம் வந்தது. அதன்பின் நானே உட்கார்ந்து, வெளியே 10 டிகிரி இருந்தால் தண்ணீர் 33, மைனஸ் 2 என்றால் 45 என்று வளைகோட்டை இறக்கி வைத்தேன். அடுத்த ஆண்டு 3.6. ஒரு திருகாணிகூட மாற்றவில்லை.

குளிரில் வேலை செய்யாது என்பது தவறு. நார்வே, சுவீடன், பின்லாந்தில் இது மிகப் பரவலாக இருக்கிறது. நார்வேயோடு நம்மை ஒப்பிடுவதும் முழு நியாயம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அங்கே நீர்மின்சாரம் மலிவு, கேஸ் குழாய் வீட்டுக்கு வருவதில்லை, முன்பு வெறும் மின் ஹீட்டர் வைத்திருந்தவர்கள் மாறினார்கள். இங்கே உண்மையான தொந்தரவு கடுங்குளிர் இல்லை, ஈரக்குளிர். வெளியே 0 முதல் 4 டிகிரி, மூடுபனி, தூறல் என்றிருக்கும் நாட்களில் வெளிச்சுருளில் பனி படிகிறது. அதை உருக்க மெஷின் சில நிமிடங்கள் திசை மாறி ஓடி, வீட்டின் வெப்பத்தையே கொஞ்சம் எடுத்து வெளியே அனுப்புகிறது. அப்போது பெட்டியிலிருந்து புகை மாதிரி ஆவி கிளம்பும். முதல் தடவை பார்த்து என் மனைவி பயந்துபோனார். அது பழுதில்லை. ஆனால் அந்தத் தண்ணீர் போக வழி வேண்டும். நடைபாதையில் வடிந்து இரவில் உறைந்தால், உங்கள் அப்பா காலையில் குப்பைத் தொட்டி எடுக்கப் போகும்போது வழுக்கும். எங்கே வடியப்போகிறது என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வீட்டில் நான் அதிகம் யோசிப்பது வெந்நீரைப் பற்றி. இப்போது காம்பி பாய்லர், திறந்தால் வந்துகொண்டே இருக்கும். ஹீட் பம்புக்குச் சிலிண்டர், அதாவது வெந்நீரைச் சேர்த்து வைக்கும் தொட்டி வேண்டும். ஒருவர் பத்து நிமிடம் ஷவரில் குளித்தால் சிலிண்டரிலிருந்து 50 டிகிரித் தண்ணீர் 75 லிட்டர் போகும். 200 லிட்டர் சிலிண்டர் மூன்று பேருக்குக்கூட முழுசாகப் போதாது. தீர்ந்ததும் மறுபடி சூடாக ஒன்றரை மணி நேரம் ஆகும், அந்த நேரம் வீட்டுக்குப் போகும் வெப்பமும் நிற்கும். ஆறு பேர், அதுவும் காலை ஏழு மணிக்குப் பள்ளி, வேலை என்று எல்லோரும் வரிசையில் நிற்கும் வீட்டுக்கு 250க்குக் குறைந்து ஒத்துக்கொள்ளாதீர்கள். இடம் இருந்தால் 300. உங்கள் அப்பா இன்னமும் பக்கெட்டும் மக்கும் வைத்துக் குளிப்பவர் என்றால் அவர் கணக்கில் பாதி மிச்சம்.

அந்தச் சிலிண்டரை எங்கே வைப்பது? காம்பி வந்த காலத்தில் பழைய சிலிண்டர் அலமாரியை எல்லோரும் காலி செய்தோம். நம்மவர்கள் வீடுகளில் பாதிக்குப் பாதி அந்த இடத்தில்தான் சாமி அலமாரி இருக்கிறது. மாடியில் கதவு வைத்து, விளக்கு மாட்டி, அம்மா தினமும் பூ வைக்கும் இடம். அதை எடுக்கச் சொல்ல யாருக்கும் மனம் வராது. மச்சில் வைக்கலாம் என்றால் நிரம்பிய சிலிண்டர் 350 கிலோ பக்கம் வரும், உத்தரம் தாங்குமா என்று பார்க்க வேண்டும். இதை வீட்டில் முதலிலேயே பேசிவிடுங்கள். வேலையாட்கள் வந்து நிற்கும் காலையில் பேசக் கூடாது.

இதேபோல் அடுப்பு. கேஸ் இணைப்பைத் துண்டித்தால்தான் அந்த 115 பவுண்டு மிச்சம். அப்படியென்றால் இண்டக்‌ஷன் அடுப்பு. இரும்புத் தோசைக்கல்லின் அடிப்பாகம் சமதளமாக இருந்தால் அருமையாக வேலை செய்யும். அலுமினியக் குக்கர், அலுமினிய இட்லிச் சட்டி, குழிந்த அப்பச்சட்டி எதுவும் ஓடாது. அப்பளம் சுட முடியாது. பாத்திரச் செலவையும் அம்மாவின் சம்மதத்தையும் கணக்கில் சேருங்கள். எங்கள் வீட்டில் ஓராண்டு இணைப்பை வைத்திருந்து, பிறகுதான் விட்டோம். இப்போது சமையலறைக் காற்று சுத்தமாக இருப்பது நன்றாகவே தெரிகிறது.

வாழும் பழக்கமும் மாற வேண்டும். கேஸ் காலத்தில் காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் மூன்று மணி நேரம் கொளுத்திவிட்டு அணைப்போம். ஆளில்லாத அறைக்கு வால்வை மூடுவோம். சிக்கனமாக வளர்ந்தவர்களுக்கு அதுதான் சரியென்று படும். ஹீட் பம்புக்கு அது ஒத்துவராது. மெல்லிய தீயில் பால் காய்வது போல நாள் முழுவதும் ஓட வேண்டும். இரவில் ஒன்றிரண்டு டிகிரி குறைத்தால் போதும். அறைகளை மூடினால் மிச்சம் உள்ள ரேடியேட்டர்களுக்கு இன்னும் சூடான தண்ணீர் தேவைப்பட்டு, செலவு கூடும். என் அம்மா ஊரிலிருந்து வந்தபோது ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்து, "இது வேலையே செய்யலையே" என்றார். கைக்கு வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. அறை 21 டிகிரியில் இருந்தது. ஒரு வாரத்தில், இரவில் எழுந்தாலும் தரை சில்லென்று இல்லை என்றார். முன்பு குளியலறை மூலையிலும் அலமாரிக்குப் பின்னாலும் வந்துகொண்டிருந்த பூஞ்சை இப்போது இல்லை. சுவர் ஒருபோதும் முழுதாகக் குளிர்வதில்லை என்பதால் ஈரம் படிவதில்லை. எனக்கு இந்த மெஷின்மேல் பிரியம் வந்தது பில்லினால் இல்லை, இதனால்தான்.

சத்தம் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நல்ல மெஷின்கள் மெதுவான மின்விசிறி மாதிரிதான் ஒலிக்கும். எல்லையிலிருந்து ஒரு மீட்டர் தள்ள வேண்டும் என்ற விதியை இங்கிலாந்தில் 2025 மே மாதம் எடுத்துவிட்டார்கள், ஆனால் சத்தக் கணக்கு தேற வேண்டும். இருந்தாலும் பக்கத்து வீட்டுக்காரர் தூங்கும் ஜன்னலுக்கு நேரே வைக்காதீர்கள். விதி அனுமதித்தாலும் அவர் முகத்தை நாம் தினமும் பார்க்க வேண்டும்.

உலகத்துக்கு நல்லதா என்றால், ஆம், சந்தேகமே இல்லை. இந்நாட்டின் கடைசி நிலக்கரி மின்நிலையம் 2024 செப்டம்பர் 30 அன்று மூடப்பட்டது. மேலே போட்ட கணக்கில் உங்கள் பாய்லர் ஆண்டுக்கு இரண்டரை டன் கரியமில வாயு விடுகிறது. ஹீட் பம்ப் 3.5 திறனில் ஓடினால் அதில் ஏறக்குறைய கால்பங்கு. மின்சாரத்தில் காற்றாலையின் பங்கு கூடக் கூட அதுவும் குறையும். குளிர்பதனப் பொருளாகப் புரொப்பேன் போட்ட புது மெஷின்களைக் கேளுங்கள். கசிந்தாலும் பழையவற்றைப் போலப் புவியைச் சூடாக்காது. எரியும் தன்மை உள்ளதால் கதவு, ஜன்னல், சாக்கடை மூடி ஆகியவற்றிலிருந்து தள்ளி வைக்க வேண்டும்.

யாருக்கு வேண்டாம் என்பேன்? ஓரிரு ஆண்டில் வீட்டை விற்கப்போகிறவர்களுக்கு. கட்டட உரிமையாளரின் அனுமதி கிடைக்காத ஃபிளாட்காரர்களுக்கு. தரைக்குள் பென்சில் தடிமனுக்கு 8 மில்லிமீட்டர்க் குழாய் ஓடும் வீட்டில், குழாயை மாற்றத் தரையைப் பிரிக்க மனமில்லாதவர்களுக்கு. பின்பக்கம் கட்டிய எக்ஸ்டென்ஷனில் காப்புப் பஞ்சே போடாமல் விட்டிருந்தால், முதலில் அதைப் போடுங்கள். மண்ணுக்குள் துளை போடும் வகை நல்ல திறன் தரும், ஆனால் ஹாரோவின் பின்தோட்டத்துக்கும் உங்கள் பணத்துக்கும் அது ஒத்துவராது.

இனி செய்ய வேண்டியது. உங்கள் பாய்லர் இன்னும் ஓடுகிறது, அது பெரிய வசதி. ஜனவரியில் அது நின்றுபோய், வீட்டில் வயதானவர்கள் நடுங்கிக்கொண்டிருந்தால் யாரும் நிதானமாக யோசிக்க மாட்டார்கள், மறுநாளே இன்னொரு கேஸ் பாய்லர் வந்துவிடும். அதற்கு முன் இந்தக் குளிர்காலத்தில் ஒரு பரீட்சை செய்யுங்கள். காம்பி பாய்லரில் வீட்டுச் சூட்டுக்கும் குழாய் வெந்நீருக்கும் தனித்தனி அமைப்பு இருக்கும். வீட்டுச் சூட்டை மட்டும் 50க்கு இறக்குங்கள். வால்வுகளை எல்லாம் திறந்துவிட்டு, நாள் முழுவதும் ஓடவிடுங்கள். வெளியே 0 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும் இரண்டு நாள் பாருங்கள். எல்லா அறையும் 20 தொட்டால் உங்கள் வீடு ஏறக்குறைய தயார். தொடாத அறையில்தான் ரேடியேட்டர் மாற்ற வேண்டும். 50இல் ஓடும்போது பாய்லரும் திறமையாக எரியும் என்பதால், ஹீட் பம்ப் வைக்காவிட்டாலும் கேஸ் மிச்சம்தான்.

பிறகு எம்சிஎஸ் (ஹீட் பம்ப் பொருத்துபவர்களுக்கான தரச் சான்று) பெற்ற மூன்று பேரிடம் கொட்டேஷன் வாங்குங்கள். அந்தச் சான்று இல்லாமல் மானியம் கிடையாது. அறை அறையாக வெப்ப இழப்புக் கணக்குக் கேளுங்கள். உங்கள் வீட்டுக்கு 6 முதல் 8 கிலோவாட் வர வேண்டும். இப்போதைய பாய்லர் 28 என்பதால் ஹீட் பம்பும் பெரிதாக வேண்டும் என்று யாராவது சொன்னால் அவரை விட்டுவிடுங்கள், அந்த 28 ஷவருக்காக வைத்தது. மைனஸ் 2 டிகிரி நாளில் தண்ணீர் 45க்கு மேல் போகாதபடி வடிவமைத்துத் தருவீர்களா என்று கேட்டு, எழுத்தில் வாங்குங்கள். ஹீட் பம்புக்கு வாட் (VAT) எனும் விற்பனை வரி இல்லை என்ற சலுகை 2027 மார்ச் 31 வரை உண்டு, ஆகவே பதறவும் வேண்டாம், ஆறப்போடவும் வேண்டாம்.

பரீட்சை முடிந்ததும் எந்த அறை எத்தனை டிகிரியில் நின்றது என்று குறித்து, ஒவ்வொரு ரேடியேட்டரின் நீளம், உயரம், ஒற்றையா இரட்டையா என்பதையும் சேர்த்து அனுப்புங்கள். உட்கார்ந்து கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.